பேச்சு ரீல்

அமெரிக்க சினிமாவின் வரலாற்றைக் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து எழுதுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. போட்டிக்கு ஆள் கிடையாது. இந்த ஊரில் கோயில் கல்வெட்டைப் பற்றி ஒரு வரி தப்பாக எழுதிவிட்டால் போதும், மறுநாள் காலை பால் வாங்கப் போகிற இடத்தில் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்க சினிமாவைப் பற்றி என்ன எழுதினாலும் "அப்படியா சார்?" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். பல வருஷமாக இந்தச் சுகத்தை அனுபவித்து வந்தேன்.

என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அமெரிக்கா போனதில்லை. மேற்குத் திசையில் நான் போன அதிகபட்ச தூரம் ஆற்காடு, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆவணக் காப்பகம். பட்டுப் புடவை எடுத்தால் ஓர் அட்டைப் பெட்டி தருகிறார்களே, அது குறிப்பட்டைகளை நிறுத்தி வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். மௌனப் படங்களுக்கு இரண்டு பெட்டி, குதிரைப் படங்களுக்கு மூன்று, தணிக்கைக்கு ஒன்று என்று சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற உறவுக்காரப் பெண்கள் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு என் மனைவியை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "ஐயோ, எல்லாம் காலிப் பெட்டி. உள்ள இவரு எழுதின சீட்டுதான் இருக்குது" என்று அவள் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த விளக்கத்தில் எனக்குப் பெருமையாக எதுவும் இருந்ததில்லை.

வேலை செய்த முறை என்னவோ ஒழுங்கானதுதான். ஒரு படத்துக்கு ஓர் அட்டை. யார் எடுத்தது, யார் பணம் போட்டது, எங்கே வெளியானது, எந்த இடத்தில் கத்தரி விழுந்தது, அன்றைய பத்திரிகைகள் என்ன சொல்லின. சனிக்கிழமைகளில் ரயிலேறிச் சென்னை நூலகங்களில் உட்கார்ந்து இருமிக்கொண்டே பழைய தாள்களைப் புரட்டுவேன். ஒரு தகவலை இரண்டு இடத்தில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். சொந்த ஞாபகமும் ஒரு தகவல்தான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஒரு பெட்டியும் இல்லை.

புத்தகத்துக்கு ஒரு மையக் கருத்து இருந்தது. அமெரிக்க சினிமா விளக்கம் சொல்லாது. அதன் பெருமையே வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். நம் படங்களில் கடைசியில் எல்லாரும் ஒரு கூடத்தில் கூடி, யார் யாருடைய மகன் என்று பேசித் தீர்க்கிற வரைக்கும் போலீஸ் ஜீப்பே வராது. அமெரிக்கன் அப்படியா? செய்வான், போய்விடுவான். இதைப் பன்னிரண்டு அத்தியாயங்களில் நிறுவியிருந்தேன்.

இந்தக் கருத்து எந்த நூலகத்திலிருந்தும் வந்ததில்லை. எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில், ராஜவீதியில் இருந்த ஒரு தியேட்டரில், ஒரு கருப்பு வெள்ளைக் குதிரைப் படம் பார்த்தபோது வந்தது. அந்தத் தியேட்டர் இப்போது பட்டுக் கடையொன்றின் கார் நிறுத்துமிடம். அதற்காக யாரும் கண் கலங்க வேண்டாம். கார் நிறுத்த இந்த ஊரில் வேறு இடமே இல்லை.

படத்தின் கதை இவ்வளவுதான். தண்ணீர் இல்லாத ஒரு வறண்ட ஊர். அதன் ஓரத்தில் ஒரு விதவையின் நிலம். எங்கிருந்தோ ஒருவன் வருகிறான். காற்றாடி பம்பு ஒன்றை மரத்தால் கட்டி நிறுத்தி அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறான். தண்ணீர் வந்ததும் அதைப் பிடுங்கிக்கொள்ளத் துப்பாக்கிக் கூட்டம் வருகிறது. சண்டை. கூட்டம் சாகிறது. அப்போது பார்த்தால், அவன் கட்டிய காற்றாடி பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. அவன் நின்று பார்க்கிறான். முகத்தில் தீயின் வெளிச்சம் ஆடுகிறது. பட்டென்று தியேட்டர் விளக்கைப் போட்டுவிட்டார்கள். படம் முடிந்துவிட்டது.

தன் கையால் கட்டியதை அவன் ஏன் கொளுத்தினான்? வீட்டுக்கு நடந்து போகிறபோது ஆரம்பித்த இந்தக் கேள்வியை நாற்பது வருஷத்துக்கு மேல் சுமந்திருக்கிறேன். என் முதல் அத்தியாயம் இதில்தான் தொடங்கியது. அந்த விதவையின் மௌனத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். 'முற்றும்' என்கிற எழுத்தைக்கூடத் திரையில் காட்ட மறுத்த இயக்குநரின் துணிச்சலைப் பற்றி ஒரு தனிப் பத்தி. மற்றப் பதினொரு அத்தியாயங்களும் இந்த ஓர் ஆணியில் மாட்டிய சட்டைகள். அந்தப் படத்தை மட்டும் நான் திரும்பப் பார்க்கவே இல்லை. முதலில் கிடைக்கவில்லை. பிறகு இணையத்தில் கிடைத்தபோது, நல்ல ஞாபகத்தை எதற்குக் கெடுத்துக்கொள்வது என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில், பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கிற பெண் சென்னையிலிருந்து பேசினாள்.

"சார், ஒரு சின்ன டவுட்."

மெய்ப்பு பார்ப்பவர்கள் சின்ன டவுட் என்றால் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது நல்லது.

"சொல்லும்மா."

"அந்தக் காத்தாடிப் படத்தை ஆன்லைன்ல பார்த்தேன் சார். அது தீயோட முடியல. அதுக்கப்புறம் ஒரு சீன் இருக்கு. நல்ல லாங் சீன்."

"என்ன சீன்?"

"கிச்சன்ல உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க சார்."

"யாரு?"

"அந்த லேடிதான். ஹீரோ சும்மா காபி குடிச்சிட்டு இருக்கான்."

நான் அறிஞர்கள் அவசரத்துக்கு எடுத்துக்கொள்கிற குரலை எடுத்துக்கொண்டேன். "படம்னு ஒண்ணு கிடையாதும்மா. பிரதிகள்தான் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வேற முடிவு வெச்சு அனுப்புற பழக்கம்லாம் அப்ப இருந்தது."

"ஓகே சார். அப்படின்னா அதுக்கு ஒரு ரெஃபரன்ஸ் குடுத்துடுங்க. பத்து நாள் இருக்கு. ரெஃபரன்ஸ் இல்லன்னா ஃபர்ஸ்ட் சாப்டர் நிக்காது சார்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஃபர்ஸ்ட் சாப்டர் இல்லன்னா மத்ததும் கொஞ்சம் கஷ்டம்தான்."

உடனே மாடிக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆராய்ச்சியாளன் செய்ய வேண்டியது அதுதான். நான் செய்யவில்லை. முதலில் புறச்சான்று, பிறகுதான் படம் என்று எனக்கு நானே ஒரு முறையியலை வகுத்துக்கொண்டேன். பயம் என்று அதற்கு வேறு பெயரும் உண்டு.

புறச்சான்று பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. என்னோடு எட்டாம் வகுப்பு படித்த நண்பன் ஒருவன் அங்கே தறி வைத்திருக்கிறான். அன்றைக்குப் படத்துக்கு என்னோடு வந்தவனும் அவன்தான். அவன் அப்பாவுக்கு ஒரு வழக்கம். சினிமா நோட்டீஸ் ஒரு பக்கம்தான் அச்சடித்திருக்கும். மறுபக்கம் வெறுமையாக இருப்பதை அவர் வீணாக்க மாட்டார். எந்தப் புடவைக்கு உடல் என்ன கலர், கரை என்ன கலர், முந்தானையில் எது எதற்குப் பிறகு வர வேண்டும் என்பதையெல்லாம் அதில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வார். அந்தத் தாள்களையெல்லாம் நண்பன் இன்னும் வைத்திருக்கிறான். பிளாஸ்டிக் உறையில் போட்டு, செல்லில் படமும் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் இன்றைக்கும் பாதிப் புடவைக்குக் கலர் சேர்க்கிறான்.

நான் போனபோது தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தான்.

"வாடா அமெரிக்கா. இன்னா இந்தப் பக்கம்?"

விஷயத்தைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டான்.

"அதாவது, அமெரிக்காக்காரன் எடுத்த படத்துக்கு என் அப்பன் சாட்சி சொல்லணும்."

"நோட்டீஸ் இருக்கா இல்லையா?"

"இருக்குது இருக்குது. என்னால எழுந்திருக்க முடியாது, ஊடை அறுந்துடும். அந்த அலமாரில நீயே எடு. கலைச்சே, கையை ஒடிப்பேன்."

அரை மணி நேரம் புரட்டினேன். நான் அச்சடித்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போக, அவன் ஓரக்கண்ணால் பார்த்து, "தப்பா வெச்சுக்கினு பாக்குறே, திருப்பு" என்றான். அவனுக்குப் பென்சில் எழுதிய பக்கம்தான் முன்பக்கம்.

கிடைத்துவிட்டது. வெளிறிப்போன ரோஸ் நிறத் தாள். 'அடிதடி! ஆவேசம்! அனல் பறக்கும் ஆங்கிலப் படம்!' என்று மேலே. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'உற்சவத்தை முன்னிட்டு தினசரி 4 காட்சிகள்.' திருப்பினால், நண்பனின் அப்பா கையெழுத்தில்: 'உடல் அரக்கு. கரை மயில் கழுத்து. வைகாசி கடைசி முகூர்த்தம்.'

"இந்தக் கலரைப் போன மாசம்தான் திரும்பப் போட்டேன். பெங்களூர்லர்ந்து ஆர்டர்" என்றான் நண்பன்.

"வைகாசி உற்சவத்துலயா நாம இந்தப் படம் பார்த்தோம்?"

"பின்ன? பாதிப் படத்துல பெருமாள் வந்துட்டாருன்னு நிறுத்தினானே, மறந்துட்டியா? எல்லாரும் வெளிய ஓடிக் கற்பூரம் பாத்துட்டுத் திரும்ப வந்தோம். நீ ஒரு செருப்பை விட்டுட்டு வந்தே. வீட்டுல உனக்கு அடி விழுந்துது."

செருப்பு ஞாபகம் இருந்தது. பெருமாள் இல்லை. நாற்பது வருஷமாக அந்தப் படத்தைப் பற்றி யோசித்து வந்தவனின் தலையிலிருந்து, மேளம், குடை, வாகனம், ஊர்ச் சனம் மொத்தமும் ஒரு காட்சி கூட மிச்சமில்லாமல் போயிருந்தது. இன்னொரு சாட்சி கிடைத்ததே என்கிற ஆர்வத்தில் அவனைக் குடைந்தேன்.

"படத்துல அந்தப் பொம்பளையை ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? மாம்பழக் கலர் பாவாடை கட்டியிருக்கும். அரக்குல ஒரு விரக்கடை கரை."

"டேய், படம் கருப்பு வெள்ளைடா."

"இருக்கட்டுமே. எனக்குக் கலர் தெரிஞ்சுது."

இவனை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் குறிப்பேட்டை மூடினேன். ஆனால் அந்த இரண்டு தகவல்களும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. நாள் ஒன்றுக்கு நாலு ஆட்டம். நடுவில் பெருமாளுக்காக நிறுத்தம். நான் வணிகவியல் வாத்தியார். நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். நிறுத்தின நேரத்தையும் சேர்த்தால் அடுத்த ஆட்டத்தோடு இடிக்கிறது. எங்கேயோ ஒரு பத்து நிமிஷம் காணாமல் போயிருக்க வேண்டும்.

அந்தத் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த பாய், இப்போது மகனுடைய மிக்ஸி ரிப்பேர்க் கடையில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். வேலையெல்லாம் மகன் பார்ப்பதாகப் பேர். மகன் கடைக்கு வெளியே போகிற நேரம் பார்த்து இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார். என்னைத் தெரியும். தெருவில் பார்த்தால் தலையசைக்கிற பழக்கம்.

நான் செய்த முதல் தப்பு, செல்போனில் பதிவைப் போட்டு மேஜைமேல் வைத்தது. இரண்டாவது தப்பு, கேட்ட கேள்வி.

"பாய், அந்தக் காலத்துல இங்கிலீஷ் படத்தையெல்லாம் வெட்டுவீங்களா?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா ஆராய்ச்சிக்கு."

"இத்தினி வருசம் பூத்துல நின்னேன். ஒரு பிரேம் வெட்டினது கிடையாது. மத்த ஊரு ஆபரேட்டருங்க வெட்டுவானுங்க, வெட்டின துண்டை வீட்டுக்கு எடுத்துக்கினு போவானுங்க. என் டப்பா வந்தபடியே திரும்பிப் போவும். படம் எடுத்துக்கினு வர்ற பொட்டிக்காரன் எண்ணிப் பாத்துட்டு சலாம் வெப்பான். வெட்டினேனாம்! அந்த போனை எடு மொதல்ல."

போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு மிக்ஸியின் அடிப்பாகத்தைக் கழற்றி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு வேறு பக்கமாகக் கேட்டேன். கேள்வியில் அவரை விட்டுவிட்டுப் பெருமாளைப் பிடித்துக்கொண்டேன்.

"உற்சவத்துல பெருமாள் தியேட்டர் வழியா வருவாரே பாய், அப்ப இன்னா பண்ணுவீங்க?"

அவர் முகம் மலர்ந்தது.

"அதை ஏன் கேக்கறே வாத்தியாரே. மேளம் தூரத்துல கேக்கும்போதே மேனேஜர் மணி அடிச்சிடுவாரு. நான் மிஷினை நிறுத்தி வெளக்கைப் போட்டுடுவேன். சனம் பூரா வெளிய. எனக்கு இறங்கவே வேணாம். பூத்துல ஒரு ஜன்னல் இருந்துது தெருப் பக்கமா. நான் மேல நிக்கறேன், பெருமாள் வாகனத்து மேல வர்றாரு. நேருக்கு நேரு, என் கண்ணு மட்டத்துல போவாரு. ஊர்ல அந்த எடம் யாருக்குக் கிடைக்கும், சொல்லு."

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"இருவது ஆவும். சில நாளு அதுக்கு மேலயும் ஆவும். அவரை சீக்கிரம் போன்னு சொல்ல முடியுமா? இங்க அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் குடுத்தாச்சு. கேட்டுல சனம் முட்டுது. மேனேஜர் கீழருந்து கத்தறாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பேச்சு ரீலைத் தள்ளிட வேண்டியதுதான்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் மறைக்கிற தொனி எதுவும் இல்லை. ரயில் லேட்டானால் ஒரு ஸ்டேஷனில் நிற்காமல் போகும் என்பது போலச் சொன்னார்.

"பேச்சு ரீலா?"

"இங்கிலீஷ் படம் வந்த உடனே நான் ஒரு தபா ஓட்டிப் பாத்துடுவேன். குதிரை இருக்குதா, துப்பாக்கி இருக்குதா, முத்தம் இருக்குதா. மூணும் இல்லன்னா அது பேச்சு ரீல். டப்பா மேல சாக்பீஸுல ஒரு கோடு. பெருமாள் வந்தாருன்னா கோடு போட்ட டப்பா அன்னிக்கு ஓடாது. வெட்டறது வேற, ஓட்டாம வெக்கறது வேற, ஆமா. தமிழ்ப் படத்துல ஒரு பாட்டைத் தள்ளிப் பாரு, சீட்டைப் பேத்துடுவானுங்க. இங்கிலீஷுல யாரு வந்து கேக்கப் போறான்? நீயும்தான் பாத்தே. கேட்டியா?"

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புத்தகம் எழுதிவிட்டேன்.

"கோடு போட்டது கடைசி ரீலா இருந்தா, பாய்?"

"ரொம்ப நல்லதாப் போச்சு. வெளக்கைப் போட்டா படம் முடிஞ்சுது."

"'தி எண்ட்'னு எழுத்து வராதே?"

"வெளக்குப் போட்டதுக்கு அப்புறம் எழுத்து எதுக்குப்பா?"

இயக்குநரின் துணிச்சல் பற்றிய பத்தி அங்கேயே, அந்த மிக்ஸிக் கடையில், பிளேடுகளுக்கு நடுவே காலமானது.

அன்று சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து படத்தைப் போட்டேன். மனைவியும் வந்து உட்கார்ந்தாள். அமெரிக்க சினிமாவின் பக்கமே வராதவள். "உங்க மூஞ்சியைப் பாத்தா யாராவது கூட இருக்கணும் போல இருந்துது" என்று பிறகு சொன்னாள். தீ எரிந்தது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். என் கை தானாக மவுசின் மேல் போய்விட்டது.

"இருங்க" என்றாள்.

மறுநாள் காலை. ஓர் அடுப்பங்கரை. அந்த விதவை இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றிவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறாள். காற்றாடியைக் கொளுத்தியது அவன் இல்லை. அவள்தான். முதல் கிணற்றை வெட்டியவன் அவள் புருஷன். தண்ணீருக்காகவே அவனைச் சுட்டார்கள். பிறகு இவன் வந்தான், காற்றாடி வைத்தான், தண்ணீர் வந்தது, மறுபடி துப்பாக்கி வந்தது. தண்ணீர் பிடுங்க வருகிறவனும் துப்பாக்கியோடு வருகிறான், காப்பாற்ற வருகிறவனும் துப்பாக்கியோடுதான் வருகிறான். இந்த நிலம் உனக்கு வேண்டுமா என்று இரண்டு பேரில் ஒருவன்கூட என்னைக் கேட்கவில்லை என்கிறாள். அக்கா இருக்கிற ஊருக்குப் போய்த் துணி தைத்துப் பிழைத்துக்கொள்ளப் போகிறாளாம். நானும் வரட்டுமா என்கிறான் அவன். முதலில் அந்தப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வை என்கிறாள். பிறகு, பெரிதாக, 'தி எண்ட்.'

படத்திலேயே நல்ல காட்சி அதுதான். அதை மறைப்பதற்கில்லை.

"அப்போ, அந்தம்மா வாயைத் திறந்து பேசற ரீலைத்தான் தூக்கிட்டாங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"நீங்க அதைப் பாக்காம, ஆகா எப்பேர்ப்பட்ட மௌனம்னு ரெண்டு பக்கம் எழுதிட்டீங்க."

"ஆமா."

"சரியாத்தான் இருக்குது."

கீழே போகப் படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "அந்தப் பாயை ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க மட்டும் இன்னா? பேசற இடம் வந்தாலே தள்ளித் தள்ளி ஓட்டிடுவீங்களே. கீழ எனக்குக் கேக்கும், கீச்சுகீச்சுன்னு."

அவள் போன பிறகு அந்தப் பெட்டிகளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது உண்மை. அமெரிக்க இங்கிலீஷ் என் காதில் ஒழுங்காக விழாது. பேச்சு நீண்டால் எரிச்சல் வரும், ஓட்டிவிடுவேன். பிறகு அட்டையில் 'உரையாடல் மிகக் குறைவு' என்று அழகாக எழுதி வைப்பேன். பாயாவது பெருமாளுக்காகத் தள்ளினார். நான் தள்ளியது என் காதுக்காக. பன்னிரண்டு அத்தியாயமும் சாக்பீஸ் கோடு போட்ட டப்பாக்கள் நடுவில் உட்கார்ந்து எழுதியதுதான்.

மறுநாள் சென்னைக்குப் பேசினேன்.

"நீ சொன்னது சரிம்மா. ரெஃபரன்ஸ் கிடைச்சுது. எனக்கு எதிராவே கிடைச்சுது. புத்தகத்தை நிறுத்திடுங்க."

"சார், முழுசாவா? ஃபர்ஸ்ட் சாப்டரை மட்டும் எடுத்துட்டு..."

"முழுசா. எல்லாப் படத்தையும் பேச்சோட திரும்பப் பாக்கணும். கீழ எழுத்து ஓட விட்டு."

"எவ்வளவு நாள் சார்?"

"ஒரு வருஷம்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "ஆறு மாசம் சார். அப்புறம், அந்த பாய் கதையை ஃபர்ஸ்ட் சாப்டரா வெச்சுக்கலாம். ஆனா அவர்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க."

இப்போது ஒவ்வொரு அட்டையிலும் மேலே ஒரு வரி சேர்த்துக்கொண்டிருக்கிறேன்: எங்கே பார்த்தேன், எந்த மாதம், நடுவில் நிறுத்தினார்களா, நானே ஓட்டினேனா. இதுவரை திரும்பப் பார்த்ததில் சில படங்களில் நிஜமாகவே யாரும் பேசுவதில்லை. மற்றவற்றில் பேசித் தள்ளுகிறார்கள். அமெரிக்கனும் கடைசியில் கூடத்தில் கூடி யார் மகன் என்று பேசத்தான் செய்கிறான்.

அனுமதி கேட்கப் பாயிடம் போனேன். இந்தத் தடவை போனை வெளியே எடுக்கவில்லை. புதிதாக எழுதிய பக்கங்களைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பேரு போடாதே."

"போடல பாய்."

"தள்ளினாருன்னே இருக்கட்டும். வெட்டினாருன்னு எங்கயாவது வந்துது, அப்புறம் கடைப்பக்கம் வராதே."

"வராது."

கொஞ்ச நேரம் ஒரு ஜாரின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, ஜாரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா இன்னாதான் சொல்லிச்சு?"

"நீங்க ஓட்டிப் பாத்தீங்களே?"

"பாத்தேன். பூத்துக்குள்ள மிஷின் சத்தத்துல இன்னா கேக்கும்? கேட்டாலும் இன்னா புரியும்? வாய் மட்டும் அசையுது. அடுப்பங்கரை, காபி. கோடு போட்டுட்டேன். இன்னா சொல்லிச்சு?"

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். காபி ஊற்றினதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே, ஆனால் நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டு போனேன். "அதைக் கொளுத்தினது நான்தான்யா. அவனுங்க இல்ல." பாயின் கை ஜாரில் அப்படியே நின்றது. "மொதக் கெணறு தோண்டினது என் வூட்டுக்காரன்..."

பாதியில் ஓர் ஆள் பையில் மிக்ஸியோடு கடைக்குள் வந்தார். "பாய், இது சுத்த மாட்டேங்குது, கொஞ்சம் அவசரம். வூட்டுல தோசைக்கு..."

பாய் என்னிடமிருந்து கண்ணை எடுக்காமலே அவருக்குக் கையைக் காட்டினார்.

"உக்காருப்பா. ரீல் முடியல."